கர்ப்ப காலத்தில் எடை: எவ்வளவு கூடலாம், எதைச் சாப்பிட்டுக் கூட்டலாம்

கர்ப்பம் தரிப்பதற்கு முன் உங்கள் எடை எவ்வளவு இருந்தது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் வரை எத்தனை கிலோ கூடலாம் என்பது அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். அக்காவுக்கு 18 கிலோ கூடியது, பக்கத்து புளோக் தோழிக்கு 8 கிலோதான் கூடியது என்ற கணக்கெல்லாம் இங்கே உதவாது. அவர்கள் தொடங்கிய எடை வேறு, நீங்கள் தொடங்கிய எடை வேறு. முன்பு எடை பார்த்த நினைவே இல்லை என்றால், முதல் 12 வாரத்துக்குள் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) மருத்துவமனையிலோ எடுத்த முதல் எடையை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மசக்கையில் நன்றாக இளைத்துப் போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பிஎம்ஐ கணக்கு, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையால் எடையை வகுங்கள். உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ என்றால் 1.58 × 1.58 = 2.5, 56 ÷ 2.5 = 22.4. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட வரம்புகளைத்தான் உலகின் பல நாடுகளிலும் மருத்துவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றில் ஒரே குழந்தை என்றால் அவை இப்படி:

பிஎம்ஐ 18.5க்குக் கீழே: மொத்தம் 12.5 முதல் 18 கிலோ
18.5 முதல் 24.9 வரை: 11.5 முதல் 16 கிலோ
25 முதல் 29.9 வரை: 7 முதல் 11.5 கிலோ
30க்கு மேல்: 5 முதல் 9 கிலோ

இரட்டைக் குழந்தை என்றால் வரம்பு வேறு. இயல்பான பிஎம்ஐ உள்ளவருக்கு 17 முதல் 25 கிலோ வரை கூடலாம்.

நம் போன்ற இந்திய உடல்வாகு உள்ளவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு, இதயநோய் ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால்தான் சிங்கப்பூரில் பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது என்றும், 27.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்றும் கணக்கிடுகிறார்கள். 155 செ.மீ. உயரம், 58 கிலோ எடை உள்ள ஒருவருக்குப் பிஎம்ஐ 24.1 வரும். மேலே உள்ள வரம்பின்படி அவர் இயல்பான எடைக்காரர், 16 கிலோ வரை போகலாம். ஆசியக் கணக்கிலோ அவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியவர். இப்படி 23க்கும் 25க்கும் நடுவே இருப்பவர்கள் 16 கிலோவைக் குறியாக வைக்காமல், 11.5 கிலோவை ஒட்டிய அளவையே குறியாக வைப்பது நல்லது. முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் “எனக்கு எத்தனை கிலோ?” என்று கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடும் எடை எல்லாம் கொழுப்பு இல்லை. பிரசவ நேரத்தில் குழந்தை 3 முதல் 3.5 கிலோ, நஞ்சுக்கொடி சுமார் 700 கிராம், பனிக்குட நீர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பெருத்த கருப்பை ஒரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றரைக் கிலோ, திசுக்களில் தேங்கும் நீர் ஒன்றரைக் கிலோ, மார்பகம் அரைக் கிலோ. மீதி 3 கிலோ அளவுக்குத்தான் கொழுப்புச் சேமிப்பு. அது பால் கொடுக்கும் காலத்துக்காக உடல் எடுத்து வைப்பது. மொத்தத்தையும் கூட்டினால் பன்னிரண்டு, பன்னிரண்டரைக் கிலோ வரும். 5 கிலோ மட்டுமே கூடலாம் என்று சொல்லப்பட்ட தாய்க்கு, அவர் உடலில் ஏற்கெனவே உள்ள சேமிப்பிலிருந்தே அந்தப் பங்கு போய்விடும். குழந்தைக்குக் குறை வராது.

மொத்தத்தைவிட வேகம் முக்கியம்

முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோவிலிருந்து 2 கிலோ வரை கூடினால் போதும். ஒன்றுமே கூடாமல் இருந்தாலும், ஒன்றிரண்டு கிலோ குறைந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. அந்தச் சமயத்தில் குழந்தை ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். 13ஆம் வாரத்திலிருந்துதான் வாராந்தரக் கணக்கு தொடங்குகிறது. பிஎம்ஐ 18.5க்குக் கீழே என்றால் வாரத்துக்கு அரைக் கிலோ, இயல்பான எடை என்றால் 350 முதல் 500 கிராம், 25க்கு மேல் என்றால் 230 முதல் 330 கிராம், 30க்கு மேல் என்றால் 170 முதல் 270 கிராம்.

மேலே சொன்ன 56 கிலோப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் வாரம் 57 கிலோ என்றால், 20ஆம் வாரம் 60 முதல் 61, 28ஆம் வாரம் 63 முதல் 65, 36ஆம் வாரம் 65 முதல் 69, பிரசவ நேரத்தில் 67 முதல் 71. இப்படி உங்கள் எடைக்கும் நாலைந்து எண்களைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். 20ஆம் வாரத்திலேயே 28ஆம் வாரத்து எண்ணைத் தொட்டுவிட்டால் அப்போதே திருத்திக்கொள்ளலாம். 36ஆம் வாரத்தில் தெரிந்து பயனில்லை.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, ஒன்றும் சாப்பிடாமல், மெல்லிய உடையில் எடை பாருங்கள். எடை பார்க்கும் கருவி தரை ஓட்டின் மேல் இருக்க வேண்டும். மிதியடி மேலோ விரிப்பின் மேலோ வைத்தால் எடை மாற்றிக் காட்டும். மருந்தகத்துக் கருவி எப்போதும் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடுதலாகவே காட்டும். சாப்பிட்டுவிட்டு, கைப்பை, காலணி எடையோடு ஏறுவதுதான் காரணம். வீட்டு எண்ணை வீட்டு எண்ணோடும், மருந்தக எண்ணை மருந்தக எண்ணோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். தினமும் ஏறிப் பார்க்க வேண்டாம். முதல் நாள் இரவு உடனடி நூடுல்ஸோ, கடையில் சூப் நூடுல்ஸோ சாப்பிட்டால் அந்த உப்பு இழுத்து வைக்கும் நீரே மறுநாள் அரைக் கிலோவுக்கு மேல் காட்டிவிடும். மலச்சிக்கலும் அப்படித்தான். மூன்று, நான்கு வார எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

கூடுதலாகத் தேவைப்படுவது எவ்வளவு

‘இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்பதைக் கணக்கில் போட்டுப் பார்த்தால், முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி ஒன்றும் தேவையில்லை. நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரி. இரண்டு கோசோங் (ஒன்றும் சேர்க்காத வெறும்) பரோட்டாவிலேயே 340 கலோரி தாண்டிவிடும். கூட ஒரு தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) என்றால் அன்றைய கூடுதல் பங்கு முழுவதும் அந்த மேசையிலேயே முடிந்தது. குழந்தைக்குத் தேவையான புரதம், இரும்பு, கால்சியம் எதுவும் பேர் சொல்லும்படி வந்திருக்காது.

அதே 340 கலோரியை இப்படிச் சாப்பிடலாம். நன்றாக வெந்த இரண்டு முட்டை, கொழுப்புக் குறைந்த பால் ஒரு குவளை (250 மி.லி.), ஒரு சிறு வாழைப்பழம்: சுமார் 350 கலோரி, 20 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஓர் ஆரஞ்சும் எடுத்துக்கொள்ளலாம்: சுமார் 330 கலோரி, 15 கிராம் புரதம், ஆரஞ்சில் உள்ள வைட்டமின் சி, கடலையில் உள்ள இரும்பு உடலில் சேரவும் உதவும். சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு கிண்ணம், ஒரு கைப்பிடி பாதாம், ஓர் ஆப்பிள் என்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஏழாம் மாதத்துக்குப் பிறகு இதோடு இன்னொரு குவளை பாலோ, இன்னும் ஒரு கைப்பிடிக் கடலையோ போதும்.

நாளுக்கு மொத்தம் 70 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அடிக்கடி குறைவது இதுதான். மதியத் தட்டு ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள்: குவித்த சோறு, தண்ணீராகச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு அப்பளம், கொஞ்சம் மோர். வயிறு நிறைந்துவிடும், புரதம் பதினைந்து கிராமைத் தாண்டாது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், அப்போது பிஸ்கட் டப்பா திறக்கும். எடை ஏறுவது பெரும்பாலும் அந்த டப்பாவால்தான். அதே தட்டில் சோற்றை ஒரு கிண்ணமாகக் குறைத்து, பருப்பைக் கெட்டியாக ஊற்றி, உருளைக்கிழங்குக்குப் பதில் கீரையோ முட்டைகோஸோ வைத்து, உள்ளங்கை அளவு மீன் அல்லது ஒரு துண்டு தௌகுவா (கெட்டி டோஃபு) சேர்த்து, மோருக்குப் பதில் தயிர் வையுங்கள். புரதம் இரண்டு மடங்காகும். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டும் இதுதான்: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு மீன், இறைச்சி, பருப்பு போன்றவை, கால் தட்டு முழுதானியம்.

தௌகுவாவை நம் சமையலில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஈரச்சந்தையிலும் பேரங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும். சதுரமாக நறுக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு புரட்டி, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வாட்டினால் மீன் வறுவல் போலவே இருக்கும். சாம்பாரில் போட்டாலும் உடையாது. சைவம் சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கு எடையை அளவோடு கூட்ட இதைவிட எளிய வழி இல்லை. சைவர்கள் வைட்டமின் பி12 பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பால், தயிர் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம்.

வீட்டில் மாமியாரோ அம்மாவோ பரிமாறும்போது வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தால் மனம் நோகும். “அத்தை, சோறு போதும், இன்னும் ரெண்டு கரண்டிப் பருப்பு ஊத்துங்க, மீன் ஒண்ணு வைங்க” என்று கேட்டால் அவர்களுக்கும் நிறைவு, தட்டும் சரியாகிவிடும்.

வெளியே சாப்பிடும்போது

வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் உணவங்காடிதான். எக்கானமி ரைஸ் கடையில் சோறு குறைவாக, ஒரு மீன் அல்லது முட்டை, ஒரு தௌகுவா, இரண்டு காய் என்று கேளுங்கள். சோற்றின் மேல் குழம்பு ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெயும் உப்பும் அதில்தான் அதிகம். மீன் சூப் பீஹூன் நல்ல தெரிவு, ஆனால் சூப்பை முழுவதும் குடிக்காதீர்கள். யோங் தௌஃபூ கடையில் பொரித்ததை விட்டுவிட்டுக் கீரையும் தௌகுவாவும் எடுங்கள். தேக்காவில் பிரியாணி ஆசை வந்தால் சாப்பிடலாம். ஒரு பொட்டலம் 800 கலோரியைத் தாண்டும் என்பதால் சோற்றில் பாதியை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கோழித்துண்டையும் வெள்ளரிக்காயையும் முழுவதும் சாப்பிடுங்கள். வாழையிலைச் சாப்பாட்டில் சோறு கேட்காமலே வந்துகொண்டிருக்கும். முதல் தடவையோடு இலையை மடித்துவிடுவது நல்லது.

எடை எகிறுவதற்குப் பானமும் ஒரு பெரிய காரணம். காப்பிக்கடையில் சாதாரணமாகத் தே என்று கேட்டால் இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். ஒரு குவளையில் மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும். காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவில் ஒரு ஐஸ் மைலோ என்றால் பத்துத் தேக்கரண்டி ஆயிற்று. ‘தே சி கோசோங்’ என்று கேளுங்கள்: சர்க்கரை இல்லாமல், இனிப்புச் சேர்க்காத கெட்டிப்பால் (எவாப்பரேட்டட் மில்க்) மட்டும் விட்டது. உடனே கோசோங் பிடிக்காவிட்டால் முதலில் ‘சியு தாய்’ (சர்க்கரை குறைவாக), பிறகு கோசோங் என்று இறங்கலாம். கடைகளில் அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 இறுதியிலிருந்தும், அங்கேயே கலந்து தரும் பானங்களுக்கு 2023 இறுதியிலிருந்தும் சர்க்கரை, நிறைகொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்துவிட்டது. சி, டி எழுத்து உள்ளவற்றைத் தவிர்த்தாலே வாரக் கணக்கு சரியாகிவிடும். பபிள் டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னாலும் அந்த உருண்டைகள் சர்க்கரைப் பாகில் ஊறியவை.

கஃபீன் அளவையும் சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 200 மில்லிகிராம்தான் வரம்பு. நம் ஊர்க் காப்பி கெட்டியானது; ஒரு குவளையிலேயே வரம்பில் பாதி போய்விடலாம். தேநீர், காப்பி இரண்டையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்பு உடலில் சேராமல் அவை தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுங்கள்.

காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை கர்ப்ப காலத்தில் கூடாது. முழுதாக வேகவைத்துக் கேளுங்கள். ரத்தம் ஊறும் என்று ஈரல் சமைத்துக் கொடுப்பார்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், குழந்தைக்குக் கெடுதி செய்யும் அளவுக்குப் போய்விடலாம் என்பதால் தவிர்த்துவிடுங்கள். சுறாவும் இப்போது வேண்டாம். பெரிய கடல்மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், சுறா அதில் முன்னால் நிற்பது. மத்தி, நெத்திலி, வவ்வால், சால்மன் போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடலாம். காய்ந்த இக்கான் பிலிஸில் (நெத்திலிக் கருவாடு) கால்சியம் உண்டு, உப்பும் உண்டு. நன்றாகக் கழுவி ஊறவைத்துப் பயன்படுத்துங்கள்.

எடை ஏறவில்லை என்றால்

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மசக்கையா, நெஞ்செரிச்சலா, அலுவலகத்தில் சாப்பிட நேரமில்லையா, அல்லது ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்று வீட்டில் பாதிச் சாமான்களை விலக்கி வைத்துவிட்டார்களா? ஆளுக்கு ஆள் காரணம் மாறும்.

மசக்கைக்குக் காய்ந்த உணவு உதவும். எழுந்திருக்கும் முன்பே இரண்டு கிராக்கர் பிஸ்கட், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் நடுநடுவே குடியுங்கள். தாளிக்கும் வாசனை குமட்டினால் ஆறிய உணவு இறங்கும்: தயிர்ச்சாதம், ஆறிய இட்லி, வெள்ளரி. இருபத்து நாலு மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்த்தியாகப் போகிறது, அல்லது கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது என்றால் இது வீட்டு வைத்தியம் அல்ல. 56 கிலோ இருந்தவர் 53க்கு வந்துவிட்டால் அந்த நிலைதான். மருத்துவமனைக்குப் போங்கள், குமட்டலுக்குக் கர்ப்ப காலத்தில் தரக்கூடிய மருந்துகள் உள்ளன.

கடைசி மாதங்களில் வயிற்றைக் கருப்பை மேலே தள்ளுவதால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. அப்போது அளவைக் கூட்ட முயலாமல், சாப்பிடுவதில் சத்தைக் கூட்டுங்கள். பருப்பில் ஒரு தேக்கரண்டி நெய், தோசையில் முட்டை, கஞ்சியில் வறுத்த வேர்க்கடலைப் பொடி, ரொட்டியில் கடலை வெண்ணெய், மாலையில் அவகாடோவைப் பாலில் அடித்து. ஆறு சிறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். இனிப்பு பிஸ்கட்டும் கேக்கும் எடையைக் கூட்டும்தான், ஆனால் அது தாயின் இடுப்போடு நின்றுவிடும்.

கர்ப்பிணிகளுக்கான பால்மாவு இங்கே விலை அதிகம். சாதாரணப் பாலும் மருத்துவர் தந்த மாத்திரையும் எடுத்துக்கொள்பவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. வாங்குவதானால் டப்பாவின் பின்னால் ஒரு குவளைக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். நோன்பு, விரதம் இருக்க விரும்புகிறவர்கள், எடை ஏறாத நிலையில் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வேகமாக ஏறினால்

பட்டினி கிடக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் எடை குறைக்கும் உணவுமுறை எதுவும் வேண்டாம், பிஎம்ஐ 30க்கு மேல் இருந்தாலும்கூட. வேகத்தைக் குறைப்பதுதான் வேலை. மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கணக்கு எழுதும்போது விட்டுப்போகிற பானமும் முறுக்கும் படத்தில் தெரிந்துவிடும். பிறகு இந்த வரிசையில் மாற்றுங்கள்: முதல் வாரம் பானங்கள், அடுத்த வாரம் பொரித்தவையும் தேங்காய்ப்பால் குழம்பும், அதற்கடுத்து இரவுச் சோற்றின் அளவு. பெரும்பாலானவர்களுக்கு முதல் மாற்றத்திலேயே வேகம் தணிந்துவிடும். டுரியான் காலத்தில் இரண்டு சுளையோடு நிறுத்துங்கள். அதில் சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு.

மருத்துவர் தடை சொல்லாத வரை வாரத்துக்கு 150 நிமிட நடைப்பயிற்சி போன்றது நல்லது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். வெயில் ஏறும் முன்போ மாலை ஏழுக்கு மேலோ பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கலாம். வெப்பமான நாளில் கடைத்தொகுதிக்குள் நடப்பதும் நடைதான். நீச்சல் முதுகுக்கு இதம். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பை வாய் குட்டையாக இருப்பது போன்றவை இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, கூடவே முகமும் கையும் வீங்கினால் அது சாப்பாட்டுக் கணக்கு இல்லை. 20 வாரத்துக்குப் பிறகு இது ரத்த அழுத்தக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். விடாத தலைவலி, கண் மங்குவது, பொறி பறப்பது, விலா எலும்புக்குக் கீழே வலி, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் பிரசவப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனையும் வளைகாப்பும்

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைக் கரைசல் குடிக்கவைத்துப் பரிசோதிப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ், மூன்று முறை ரத்தம்: வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல் (ஒரு லிட்டருக்கு). இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்ப கால நீரிழிவு. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது, மெலிந்தவர்களுக்கும் வரும்.

முடிவு தெரிந்ததும் பலர் சோற்றை ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு எடை அப்படியே நிற்கும், அல்லது குறையும். பானத்தையும் பலகாரத்தையும் நிறுத்தியதால் கொஞ்சம் நின்றால் பரவாயில்லை. ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மாவுச்சத்தை முழுவதும் விட்டால் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்னும் அமிலப்பொருளை உண்டாக்கும். நாளுக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அதை மூன்று வேளை, மூன்று இடைவேளை என்று பிரித்துச் சாப்பிட வேண்டும். காலையில்தான் சர்க்கரை எளிதாக ஏறும். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, ஒரு முட்டை, காய் நிறைந்த கெட்டிச் சாம்பார் என்று மாற்றிப் பாருங்கள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் காலை உணவாக வேண்டாம்.

இந்தப் பரிசோதனை முடிந்த கையோடு ஏழாம் மாத வளைகாப்பு வரும். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாம் சோறாகவே இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி எடுத்தாலே ஒரு கிண்ணச் சோறு ஆகிவிடும். அதற்கு மேல் வேண்டாம். சமைப்பவர்களிடம் முன்பே சொல்லிச் சுண்டல், முட்டை அல்லது பன்னீர் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். சாதத்துக்கு முன் சுண்டலையும் காயையும் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். வருகிற ஒவ்வொருவரும் வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். கற்கண்டுத் துண்டளவு போதும் என்று உங்கள் அம்மாவையே பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லுங்கள். தட்டில் மிஞ்சும் லட்டு, மைசூர்ப்பாகு, முறுக்கை அன்றே வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். விழா நாளால் எடை ஏறுவதில்லை. அடுத்த இரண்டு வாரம் டப்பாவில் இருப்பதால்தான் ஏறும்.

பிரசவத்துக்குப் பிறகு

குழந்தை, நஞ்சுக்கொடி, நீர் என்று 5 கிலோவுக்கு மேல் உடனே இறங்கும். அடுத்த சில வாரங்களில் தேங்கிய நீரும் போகும். மீதியை அவசரமாக இறக்க வேண்டாம். பத்தியச் சாப்பாட்டில் நல்லெண்ணெயும் நெய்யும் தாராளமாக விடுவது வழக்கம். ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், அதுவே 120 கலோரி. பால் ஊறச் சுறாப்புட்டு செய்வதும் வழக்கம். பாதரசம் தாய்ப்பாலிலும் போகும் என்பதால் அதே பக்குவத்தில் வேறு மீனை உதிர்த்துச் செய்யுங்கள். கர்ப்ப கால நீரிழிவு இருந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போட்டு விட்டுவிடுகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அன்றைக்கென்று இப்போதே சொல்லி வைத்து, மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வரும் முன்பே அதற்குத் தேதி வாங்கிவிடுங்கள்.